வசூல் ஏஜென்ட் மிரட்டினால் என்ன செய்வது? கடன் வாங்கியவருக்கு உள்ள உரிமைகள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தனியார் வங்கி ஒன்றில் 3 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், மாதத் தவணை 10,500 ரூபாய். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து வேலை போய்விட்டதால் மூன்று தவணை நின்றுபோயிற்று. வசூல் ஏஜென்ட் காலை ஆறு மணிக்கே போன் செய்கிறாராம். மச்சானின் ஆபீஸுக்கும் போன் போயிருக்கிறது. நேற்று வாட்ஸப்பில் "கைது வாரன்ட்" என்று ஒரு படம் வந்திருக்கிறது. இடையில் தவணை கட்டுவதற்காக ஒரு ஆப்பில் 8,000 ரூபாய் வாங்கி, அதுவும் இப்போது தொல்லையாகிவிட்டது. ஊரில் அம்மாவுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் இருக்கிறது. மனைவி தூங்குவதில்லை, "எல்லாரும் செத்துப்போயிடலாம்" என்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

முதலில் உங்கள் மனைவியைப் பற்றிப் பேசுவோம், கடன் அப்புறம். அவர் சொன்னதை வெறும் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். தமிழக அரசின் 104 எண்ணுக்கோ, டெலி மானஸ் 14416 எண்ணுக்கோ இன்றைக்கே போன் செய்யுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வசூல்காரர்களின் போன் இனி அவர் கைக்குப் போக வேண்டாம். அவர் பெயரில் கடன் இல்லை, அவர் ஜாமீன் போடவில்லை என்றால், அவரிடம் பேச அந்த ஏஜென்டுக்கு எந்த வேலையும் இல்லை.

சரி, கடனுக்கு வருவோம். தவணை கட்டாததற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. ஆறு மணிக்கு வரும் போன் விதிமீறல். மச்சானுக்குப் போன போனும் விதிமீறல். ஆனால் கடன் கடன்தான். ஏஜென்ட் தப்பாக நடந்துகொண்டார் என்பதற்காக அது தள்ளுபடி ஆகாது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

நான் கொஞ்ச காலம் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் இருந்தவன். இப்போது கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மனு எழுத உதவுகிறேன். அந்தப் பக்கம் எப்படி வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உங்களைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வங்கி ஊழியரே இல்லை. வங்கி ஒரு ஏஜென்சிக்குக் கணக்குகளைக் கொடுக்கிறது, ஏஜென்சி ஆள் வைத்துக் கூப்பிடுகிறது. தவணை தவறி எத்தனை நாள் ஆயிற்று என்பதை வைத்துக் கணக்குகளைப் பிரித்திருப்பார்கள்: 30 நாள் வரை ஒரு பக்கெட், 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று. 90 நாளைத் தாண்டினால் அது வாராக் கடன், என்.பி.ஏ. ஒரு கணக்கு அடுத்த பக்கெட்டுக்குப் போகாமல் நிறுத்தினால் ஏஜென்சிக்குக் கமிஷன். மாதக் கடைசியில் குரல் உயர்வதும், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு தவணையாவது போடுங்க" என்று கெஞ்சலும் மிரட்டலும் கலந்து வருவதும் இதனால்தான். அவர் சொல்லும் கெடு அவருடைய டார்கெட்டின் கெடு, சட்டத்தின் கெடு இல்லை. இதைத் தெரிந்து வைத்திருந்தால் மாதத்தின் 30-ஆம் தேதி பதறிப்போய்ப் புதுக் கடன் வாங்க மாட்டீர்கள்.

இந்த ஏஜென்டுகள் எப்படி நடக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி சுற்றறிக்கையில் வந்த விதிகள் வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பொது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தவணை கேட்டுக் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்துக்குள் கூப்பிட்டாலும் ஓயாமல் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. வாயாலோ கையாலோ மிரட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், லோன் வாங்கும்போது ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. பெயர் சொல்லாமல் மிரட்டிப் போன் செய்யக் கூடாது, தகாத மெசேஜ் அனுப்பக் கூடாது, பொய்யான தகவல் சொல்லக் கூடாது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு அவரை அமர்த்திய வங்கியே பொறுப்பு. "அது ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று கிளை மேலாளர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

உங்கள் கடன் வங்கிக் கடன் என்பதால் இன்னும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. 2008 ஏப்ரலில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தந்த வழிகாட்டுதலின்படி, எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கைக் கொடுத்திருக்கிறோம் என்று வங்கி உங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். நேரில் வருகிறவரிடம் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடன் வாங்கியவர் ஒரு புகார் கொடுத்திருந்தால், அதற்குத் தீர்வு சொல்லும்வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே வீண் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று வங்கி ஆதாரத்தோடு காட்டினால்தான் விலக்கு. எனவே எழுத்தில் ஒரு புகார் கொடுத்து வைப்பது உங்களுக்குப் பெரிய பிடிமானம். போனில் எவ்வளவு கத்தினாலும் இந்தப் பாதுகாப்பு வராது.

அந்த "வாரன்ட்" படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே அசோகச் சின்னம் இருக்கும், நடுவே சிவப்பு எழுத்து, கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், டெல்லியிலோ மும்பையிலோ உள்ள ஏதோ ஒரு நீதிமன்றத்தின் பெயர், ஒரு வக்கீலின் கையெழுத்து, அதற்குக் கீழே பேச வேண்டிய மொபைல் எண். நீதிமன்றத்தின் உத்தரவில் "உடனே இந்த எண்ணுக்குப் பேசி செட்டில் செய்யவும்" என்று இருக்காது. கைது வாரன்டை வக்கீல் பிறப்பிக்க முடியாது, வங்கியும் முடியாது. நீதிமன்றம்தான் பிறப்பிக்கும், அதுவும் வழக்கு எண்ணும் ஆண்டும் போட்டு. வழக்கு உண்மையானால் அதற்கு எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கோர்ட், எந்தத் தேதி, யார் வாதி என்று வந்துவிடும். வராவிட்டால் அந்தப் படத்தை அழிக்காமல், வந்த எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போலி நீதிமன்ற உத்தரவைக் காட்டி மிரட்டுவது அனுப்பியவர் மீதே வழக்குப் போடும் அளவுக்குக் குற்றம். புகாரில் உங்களுக்கு இதுவே வலுவான ஆதாரம்.

"420 கேஸ் போடுவோம்" என்பதும் அடிக்கடி வரும். மோசடி என்று சொல்ல, கடன் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பல தவணைகள் ஒழுங்காகக் கட்டி, வேலை போனதால் நின்றவர் மீது அது ஒட்டாது. போலி சம்பளச் சீட்டு கொடுத்து லோன் வாங்கியிருந்தால் கதை வேறு, அப்படிப்பட்டவர் உடனே வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கடன் சிவில் விஷயம், ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் பாதி மட்டும் சொல்லி விடுகிறார்கள். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-இன் கீழ் கிரிமினல் வழக்குப் போடலாம். கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டு கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் பிரிவு 25 கிட்டத்தட்ட அதே வழியைத் தருகிறது. இரண்டுக்கும் தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது உங்களுக்குக் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதன் பிறகே புகார். பிணையில் வரக்கூடிய குற்றம்தான். நோட்டீஸ் வந்தால் மட்டும் மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள், 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தால் தவணைத் தேதிக்கு முன்பே வங்கிக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை பவுன்ஸ் ஆகும்போதும் கடன் கொடுத்த வங்கியும் உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியும் தனித்தனியாகக் கட்டணம் பிடிக்கும், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு.

போலீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டால், எந்த ஸ்டேஷன், பெயர் என்ன, பதவி என்ன, மனு எண் என்ன என்று கேளுங்கள். அப்புறம் அந்த ஸ்டேஷன் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு விசாரியுங்கள். கடனை வசூலித்துத் தருவது போலீஸின் வேலை இல்லை.

இனி போன் வந்தால் எப்படிப் பேசுவது? குரலை உயர்த்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கால் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "உங்க பேர் என்ன, எந்த ஏஜென்சி? என் கணக்கு உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்குன்னு பேங்க்ல இருந்து எனக்குக் கடிதம் வரலை. கடனை நான் மறுக்கலை. இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க. காலை 8-லிருந்து இரவு 7 வரைக்கும் என் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க. இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகுது." அவ்வளவுதான், வைத்துவிடலாம். அவர் கெட்ட வார்த்தை பேசினால் பதிலுக்குப் பேசாதீர்கள். நீங்கள் திட்டிய பத்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் ஏஜென்சிகள் உண்டு.

அன்றைக்கே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போக வேண்டும். அவர் பெயரும் முகவரியும் வங்கியின் இணையதளத்தில் இருக்கும், லோன் ஒப்பந்தத்திலும் இருக்கும். மெயிலோடு நிறுத்தாமல் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வாங்கி வையுங்கள். நீளமாக எழுதத் தேவையில்லை. இந்த அளவு போதும்:

"என் கடன் எண் இது. இந்தத் தேதி வரை தவணைகளை ஒழுங்காகச் செலுத்தியுள்ளேன். வேலை இழந்ததால் மூன்று தவணை நிலுவையில் உள்ளது. கடனைத் திருப்பிச் செலுத்த விரும்புகிறேன். இந்தத் தேதிகளில், இந்த நேரங்களில், இந்த எண்களிலிருந்து உங்கள் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன் அழைத்தார். என் உறவினரின் அலுவலகத்துக்கு அழைத்துக் கடன் விவரத்தைச் சொன்னார். போலி வாரன்ட் அனுப்பினார். ஆதாரங்களை இணைத்துள்ளேன். இது வசூல் ஏஜென்டுகளுக்கான ரிசர்வ் வங்கி விதிகளுக்கு முரணானது. ஏஜென்சியின் பெயரையும் அங்கீகார விவரத்தையும் தரவும். இந்தப் புகார் தீரும்வரை என் கணக்கை ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறவும். முழுக் கணக்கு அறிக்கையும், தவணைக் காலத்தை நீட்டித்துத் தருவது பற்றிய உங்கள் பதிலும் எழுத்தில் வேண்டும்."

தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டிருப்பதைக் கவனித்தீர்களா? புகார் மட்டும் இருந்தால் கடனிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்று சொல்ல இடமாகிவிடும். "4,000 ரூபாய் மாதாமாதம் கட்ட முடியும், வேலை கிடைத்ததும் கூட்டிக் கட்டுகிறேன்" என்று உங்களால் முடிந்த தொகையை எழுதுங்கள். பின்னாளில் கோர்ட்டில் இந்த ஒரு வரி உங்களுக்காகப் பேசும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021-இல் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி இரண்டின் மீதான புகாருக்கும் ஒரே வாசல்தான். சி.எம்.எஸ். என்ற தளத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448 எண்ணில் கேட்கலாம். வங்கியின் பதில் வந்ததும் தாமதிக்காமல் போக வேண்டும். மன உளைச்சலுக்கு 1 லட்சம் ரூபாய்வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அந்தத் திட்டம் இடம் தந்தது. வங்கியிடம் புகார் செய்யாமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள், அதனால்தான் அந்த மெயிலும் ஒப்புகை அட்டையும் முக்கியம்.

வீட்டுக்கே வந்துவிட்டால்? வாசலிலேயே நிறுத்திப் பேசுங்கள். அங்கீகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுங்கள். உள்ளே கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை, போகச் சொன்ன பிறகும் வீட்டுக்குள் நுழைந்து நின்றால் அது அத்துமீறல். கையில் காசு தராதீர்கள், ஏஜென்டின் சொந்த ஜி-பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வங்கியின் ஆப்பிலோ கிளையிலோ லோன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். வண்டிக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: குண்டர்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கடுமையாகச் சொல்லியிருக்கிறது. ரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்கினால் 112-ஐக் கூப்பிடுங்கள். மிரட்டல், வழிமறிப்பு, அத்துமீறி நுழைவது, பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவது எல்லாமே பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிக் குற்றங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஆப் கடனுக்கு வேறு மாதிரி அணுக வேண்டும். அந்த ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிந்த நிறுவனம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முறையாக இயங்கும் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 முதல் தன் தளத்தில் வைத்திருக்கிறது. முறையான ஆப் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையோ போட்டோக்களையோ கால் விவரங்களையோ தொடவே கூடாது. பட்டியலில் இல்லாத ஆப் என்றால் அது திருட்டுக் கூட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கட்டக் கட்ட இன்னும் கேட்பார்கள். ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்துவிட்டு, மெசேஜ்களை எல்லாம் சேமித்துவிட்டு, அப்புறம் ஆப்பை நீக்குங்கள். போட்டோவை ஆபாசமாக மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால் 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் உடனே பதியுங்கள். உறவினர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: "என் பேரில் தப்பான படம் வந்தால் அது மோசடிக் கும்பல் வேலை, திறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்." அந்தக் கூட்டத்துக்கு இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். உண்மை உங்கள் வாயிலிருந்து முதலில் போய்விட்டால் அவர்களிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளில் "செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், ஒன்றரை லட்சம் போதும்" என்று ஒரு குரல் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செட்டில்மென்ட் என்பது வங்கி விட்டுக்கொடுத்து வாங்கியது என்று சிபில் மாதிரியான நிறுவனங்களின் கடன் அறிக்கையில் ஏறும். முழுதாகக் கட்டி முடித்த கணக்கில் "குளோஸ்டு" என்று வரும், இதில் "செட்டில்டு" என்று நிற்கும். அடுத்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது குறுக்கே வரும். உங்களுக்கு வயது இருக்கிறது, வேலை மறுபடி கிடைக்கும், ஆகவே காலத்தை நீட்டித்து வாங்குவதுதான் என் முதல் யோசனை. வேறு வழியே இல்லாதவர்கள் செட்டில்மென்ட் செய்யலாம், அதில் தப்பில்லை. செய்தால் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் மெயிலிலிருந்து கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கடன் எண், தொகை, கெடு தேதி, மீதியைத் தள்ளுபடி செய்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஏஜென்டின் வாய் வார்த்தையை நம்பி ஒன்றரை லட்சம் கட்டியவர்களுக்கு, "அது நிலுவையில் வரவு வைக்கப்பட்டது, பாக்கி இன்னும் இருக்கிறது" என்று மறுமாதமே போன் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடன் அறிக்கையில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. "உங்க கடனை நாங்க முடிச்சுத் தர்றோம்" என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகள் பக்கமே போகாதீர்கள். மேலே சொன்ன மெயிலை எழுதுவதற்குத்தான் அவர்கள் பல ஆயிரம் கேட்கிறார்கள்.

கணக்கு அறிக்கை வந்ததும் அபராதப் பகுதியைப் பாருங்கள். 2024 முதல், தாமதத்துக்காக வட்டி விகிதத்தின் மேல் கூடுதல் வட்டி போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. அபராதக் கட்டணமாகத்தான் வாங்கலாம், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. அப்படிப் போட்டிருந்தால் புகாரில் அதையும் சேருங்கள்.

வங்கி உண்மையிலேயே கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? சம்மன் கோர்ட் அமீனா மூலமோ பதிவுத் தபாலிலோ வரும். அதை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்பு வந்தாலும் வீட்டில் உள்ளதை எல்லாம் அள்ளிக்கொண்டு போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 சில பொருள்களை ஜப்தி செய்ய விடாது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, தொழிலாளியின் கைக்கருவிகள். சம்பளத்திலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிவில் சிறையில் அடைக்கவே முடியாது. ஆண்களையும், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் அடைக்கலாம், வெறும் வறுமைக்காக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது.

இப்போதெல்லாம் கோர்ட்டைவிட மத்தியஸ்தர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேட்டர்) நோட்டீஸ்தான் அதிகம் வருகிறது, பெரும்பாலும் மெயிலில். கடன் கொடுத்தவரே தன் விருப்பப்படி ஒருவரைத் தனி மத்தியஸ்தராகப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது, 2024-இல் அரசியல் சாசன அமர்வும் அந்த வழியிலேயே தீர்ப்பளித்தது. ஆனால் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் தீர்ப்பு வந்து நிற்கும், அதை நிறைவேற்றவும் கிளம்பிவிடுவார்கள். "இந்த நியமனத்தை நான் ஏற்கவில்லை" என்று எழுத்தில் பதில் போட்டுவிடுங்கள். லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது சமரசம் பேசக் கூப்பிடுவது, தொகை ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 எண்ணில் கேளுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

அம்மாவின் குழுக் கடன் விஷயத்தில் விதிகள் இன்னும் கண்டிப்பு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அடமானமில்லாமல் தரும் நுண்கடனுக்கு 2022 மார்ச்சில் தனி நெறிமுறை வந்தது. அங்கே நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல், குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் சென்டர் மீட்டிங் அதுதான். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே நெறிமுறை. அம்மாவுக்கு வருமானத்தைச் சரியாகக் கேட்காமலேயே மூன்றாவது, நான்காவது கடனைத் தலையில் கட்டியிருந்தால் அதுவே ஒரு புகார். அபராதமும் தவறிய தவணைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் கிடையாது.

குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம், படித்துப் பாருங்கள். அதை வைத்து எல்லாப் பெண்களையும் ஒருத்தி வீட்டு வாசலில் இருட்டும்வரை உட்கார வைப்பதும், அவர்கள் வாயாலேயே அவளைத் திட்ட வைப்பதும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இந்த முறையைப் பார்த்துத்தான். பக்கத்து வீட்டுக்காரிகளையே வசூல் ஆள் ஆக்கி, ஒரு தெருவின் பேச்சுவார்த்தையையே முறித்துவிடுகிறார்கள். ரேஷன் கார்டையோ ஏ.டி.எம். கார்டையோ பிடித்து வைத்திருந்தால் திருப்பித் தரச் சொல்லுங்கள், அதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டி, தண்டல், மணி வட்டி என்று வாங்கும் உள்ளூர்க்காரர்களுக்கு அது. 2025-இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்துவிட்டது. தனி ஆள் வாங்கிய கடன் மட்டுமல்ல, குழுவாக வாங்கிய கடனுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. மிரட்டியோ அவமானப்படுத்தியோ வசூலித்தால் 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஊர் ஸ்டேஷனில் மனுவை வாங்கத் தயங்கினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். குழுவில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து வந்தால் மனு கனக்கும். லோன் அட்டை, கட்டிய ரசீதுகள், வீட்டுக்கு வந்த ஆட்களின் பெயர், வந்த தேதி, நேரம், அவர்கள் பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மனு எண் போட்ட சீட்டை வாங்கி லோன் அட்டையோடு சேர்த்துப் பின் செய்துவிட்டால், அடுத்த மீட்டிங்கில் அம்மா அதை எடுத்து நீட்டலாம்.